கஸ்பாரின் பத்து டிகிரி

பிரகாசியின் வலது முழங்காலை முதன்முதலாக வீட்டில் வைத்து மடக்கிய திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, அவள் பல்லைக் கடித்து, கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, மாதாவே என்று கத்துவதற்கு வாயையும் திறந்து வைத்துக் காத்திருக்க, வலி வரவில்லை. அது வாசல் வழியாக இறங்கி, தெருவோடு போய், மாதா கோவிலை ஒரு சுற்று சுற்றி, கடற்கரை ஏலக்கூடத்தில் ஒரு வாளை மீனைத் தூக்கிப் பிடித்துக் கூவிக்கொண்டிருந்த கில்பர்ட்டின் வலது முழங்காலில் போய் உட்கார்ந்தது. கில்பர்ட் "எம்மோ!" என்று அலறி, மீனும் தானுமாக மணலில் விழுந்தார். சுளுக்கு என்றார்கள். கால் மணி நேரம் கழித்து, மூன்று தெரு தள்ளி, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்திருந்த லூர்து அதே போல அலறிக் குடத்தைப் போட்டு உடைத்தாள். அதையும் சுளுக்கு என்றார்கள். மறுநாள் பத்து மணிக்கு இரண்டு பேர், அதற்கு மறுநாள் இரண்டு பேர் என்று வலது முழங்கால் மட்டுமே சுளுக்கிக்கொண்டு போனபோதுதான், ஒரே நேரத்தில் ஒரே காலில் வரும் சுளுக்கை வேறு ஏதாவது பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று கொடிமரத்துறைக்குத் தோன்றியது.

இது விளங்க வேண்டுமானால் அந்த ஊரின் முழங்கால் நேர்ச்சையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோவிலுக்கு எதிரே இருக்கும் கொடிமரத்திலிருந்து பீடம் வரைக்கும், பாதி மணல், பாதி கருங்கல், முழங்காலாலேயே ஊர்ந்து போவதுதான் அந்த நேர்ச்சை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், வள்ளம் கரை திரும்பவில்லை என்றாலும், மருமகள் முழுகாமல் இருக்கவேண்டும் என்றாலும் ஊரில் அதைத்தான் நேர்ந்துகொள்வார்கள். நேர்ந்தவரால் முடியாவிட்டால் அவர் பேரைச் சொல்லி வேறொருவர் போகலாம் என்பது வழக்கம். முடியாதவர்கள் என்ற கணக்கில் முதலில் நோயாளிகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் இருந்தார்கள். பிறகு கடலுக்குப் போனவர்கள் சேர்ந்தார்கள். பிறகு வேலை இருக்கிறவர்கள். கடைசியில் முழங்கால் வலிக்குமே என்று பயந்தவர்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். அத்தனை பேருக்கும் போய் வர ஒரு ஆள் இருந்தாள். பிரகாசிக்கு ஒருவர் வந்து "யக்கா, எனக்காவ ஒரு தடவ" என்று நின்றால் இல்லை என்று சொல்ல வாய் வராது. வாய்க்கு இருக்கும் குறைக்கு முழங்கால் என்ன செய்யும், பாவம், அது தேய்ந்தது. முப்பத்தைந்து வருஷத்தில் நூற்றுப்பன்னிரண்டு தடவை தேய்ந்தது.

அறுபத்தோராவது வயதில், எலும்பு எலும்பின் மேல் உரசி அவள் நடக்கும்போதே சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகு, தம்பி கஸ்பார் அவளை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். தேய்ந்ததைச் செதுக்கி எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்தார்கள். இடது கால் இன்னும் சில வருஷம் தாங்கும் என்று விட்டுவிட்டார்கள். அனுப்பும்போது டாக்டர் கறாராகச் சொன்னார்: "ஆறு வாரத்துக்குள்ள தொண்ணூறு டிகிரி மடங்கணும். மடங்கலன்னா உள்ள தழும்பு இறுகிப் போயிடும், அப்புறம் கால் உலக்கை மாதிரி நிக்கும். திரும்ப மயக்கம் குடுத்து மடக்கலாம்னு யாரும் கேக்காதீங்க, இவங்க இதயம் இன்னொரு மயக்கத்தைத் தாங்காது."

தொண்ணூறு என்ற எண்ணைப் பிரகாசி கெட்டியாகப் பிடித்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. ஊரின் வடகோடியில், கடலைப் பார்த்து, அவளுக்கென்று ஒரே அறையுள்ள வீடு ஒன்று உண்டு. அலை ஏறும் மாதங்களுக்குப் பயந்து அதை உயர்த்திக் கட்டி, வாசலில் மூன்று படி வைத்திருந்தது. ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம். தொண்ணூறு மடங்காத காலால் அந்தப் படிகளை ஏற முடியாது. அதுவரை தம்பி வீட்டில் இருந்தாள். தம்பி வீட்டில் ஆறு வாரம் விருந்தாளியாக இருக்கலாம், ஆயுசுக்கும் விருந்தாளியாக இருக்க முடியுமா? அவளுக்கு அவள் அடுப்பு வேண்டும், அவள் கதவு வேண்டும், அந்தக் கதவை உள்ளேயிருந்து அவளே சாத்திக்கொள்ள வேண்டும்.

வலி எங்கே போகிறது என்பதைக் கண்டுபிடித்தது உபதேசியார் வியாகுலம். அவர்தான் கோவிலில் சாமியாருக்கு அடுத்தபடி எல்லாம். விழுந்தவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து பிரகாசியிடம் வாசித்துக் காட்டினார். அவள் கேட்டுவிட்டு, மீன் முள்ளை எடுத்துப் போடுவது போல ஒன்றொன்றாக எடுத்துப் போட்டாள்: "கில்பர்ட்டு, அது புது வள்ளத்துக்கு. முப்பத்தொண்ணாவது தடவ. லூர்து, கொழந்த இல்லன்னு. முப்பத்திரெண்டு. அதுக்குப் பொறவு போஸ்ட்டாபீஸ்காரரு." எந்த வரிசையில் அவள் ஊர்ந்து போனாளோ அதே வரிசையில், ஒரு நேர்ச்சைக்கு ஒரு டிகிரி வீதம், அந்த முழங்கால் திறந்துகொண்டிருந்தது. அப்படியானால் முதல் முப்பது பேர் எங்கே என்று உபதேசியார் கேட்டார். அந்த முப்பதையும் ஆஸ்பத்திரியிலேயே மரப்பு ஊசியின் தயவில் மடக்கிவிட்டார்கள். விசாரித்தபோது, அப்படி மடக்கிய அன்று மத்தியானம் முப்பது பேரில் உயிரோடிருந்த பதினேழு பேருக்கும் வலது கால் மரத்துப் போயிருந்தது தெரியவந்தது. அவர்கள் அதை வாயு என்று நினைத்துப் பூண்டு தின்றிருக்கிறார்கள்.

இதனால் ஊர் ஒன்றும் தலைகீழாகிவிடவில்லை. இருபது வருஷத்துக்கு முன் கடல் ஒரு நாள் பின்வாங்கியபோதும் மறுநாள் அதே கடலில்தான் வலை போட்டார்கள். அதே போல ஏலத்தைப் பத்து மணிக்கு நிறுத்திப் பத்தே முக்காலுக்குத் தொடர்வது என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்த பிறகு, அதே குரலில், அதே இழுப்பில், உபதேசியார் அந்த வாரத்து டிகிரிகளை வாசித்தார்: "நாற்பத்தெட்டு, தெற்குத் தெரு அந்தோணிமுத்து மகள் ஆக்னஸ், நாற்பத்தொன்பது, காலஞ்சென்ற சூசை, ஐம்பது, மஸ்கட்டில் இருக்கும் சகாயம்." முறை வருகிறவர்கள் காலையிலேயே சாப்பிட்டுவிட்டு, பாய் விரித்து, மீன் பெட்டியிலிருந்து அள்ளிய ஐஸைத் துணியில் கட்டி முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, செபமாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். வலி அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடும், அதன் பிறகு அந்த ஆளுக்கு ஜென்மத்துக்கும் வராது. காலஞ்சென்றவர்களின் டிகிரி வரும்போது யாருக்கும் வலிப்பதில்லை, கல்லறைத் தோட்டத்தில் அவருடைய சிலுவை மட்டும் லேசாகச் சாயும். பிள்ளைகள் போய் நிமிர்த்தி வைத்துவிட்டு வருவார்கள். மஸ்கட்டில் கிரேன் ஓட்டும் சகாயம் தொலைபேசியில் நேரம் கேட்டுக்கொண்டு அன்றைக்கு லீவு போட்டான். பெண் பார்க்க வந்த வீட்டில், மாப்பிள்ளைக்கு டிகிரி ஏதும் பாக்கி உண்டா என்று விசாரித்தார்கள். புதிதாக வந்திருந்த சாமியார் ஆயர் இல்லத்துக்குக் கடிதம் எழுதினார். அற்புதம் என்றால் நோவு குணமாக வேண்டும், இதில் நோவு இடம் மாறுகிறது, இதை எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

கில்பர்ட் பாடுதான் கொஞ்சம் சங்கடமாகப் போயிற்று. தன் வள்ளத்துக்கான நேர்ச்சையைத் தானே முழங்காலில் போய்த் தீர்த்ததாக அவர் இருபத்தைந்து வருஷமாகச் சொல்லிவந்தார். தழும்பைக்கூடக் காட்டுவார். இப்போது அவரைக் கண்டால் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பிசியோ ஷீபாவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. நாகர்கோவில் பக்கத்துப் பெண், காலையிலும் மாலையிலும் ஸ்கூட்டரில் வந்து, ஹெல்மெட்டைக் கட்டிலடியில் வைத்து, பிரகாசியின் குதிகாலை ஒரு கையாலும் தொடையை ஒரு கையாலும் பிடித்துத் தள்ளி, கோணம் பார்க்கும் பிளாஸ்டிக் அளவுகோலை வைத்து அளந்து, கோப்பில் எழுதுவாள். புது டிகிரியைக் காலையில்தான் திறப்பாள், திறந்ததை மாலையில் பழக்குவாள். மற்ற வீடுகளில் அவளைக் கண்டதும் நோயாளிகள் அழ ஆரம்பிப்பார்கள். ஒருவர் கடித்தே இருக்கிறார். இங்கே பிரகாசி மோர் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "இப்படி ஒரு பேஷன்டை நான் பாத்ததே இல்ல. கத்துங்கம்மா, கத்தினா தப்பில்ல" என்றாள் ஷீபா. "எனக்கு வலிச்சாத்தானம்மா கத்துவேன். இப்போ ரெத்தினமேரி கத்திக்கிட்டு இருப்பா, நாப்பத்தேழு அவளுக்குத்தான்" என்றாள் பிரகாசி.

அந்த ரெத்தினமேரி, வலி நின்ற கையோடு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு கிண்ணத்தில் சாளைக் குழம்போடு வந்தாள். கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்து பிரகாசியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். "எம்புள்ள வாயில கட்டியோட கெடந்தப்ப நீங்க போனிய. இம்புட்டு வலின்னு ஒரு வார்த்த சொல்லலியேக்கா."

"நீ கேக்கலியேட்டி" என்று சிரித்தாள் பிரகாசி. ரெத்தினமேரி சிரிக்கவில்லை.

இப்படி எல்லோரும் இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. ஊருக்கு நல்ல குணமும் உண்டு, அது அறுபத்தேழு டிகிரி வரை தாங்கியது. அறுபத்தெட்டாவது டிகிரிக்காரனான சேசடிமை அன்றைக்குத் தன் முறை என்பதை மறந்துவிட்டுக் கடலுக்குப் போய்விட்டான். பத்தேகாலுக்கு அவன் சுக்கானை விட்டுவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு உருள, வள்ளம் திரும்பி அலைக்குப் பக்கம் காட்டி, இரண்டு பேர் தண்ணீரில் விழுந்தார்கள். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, வலைதான் போயிற்று. ஆனால் அன்று சாயங்காலம் முதல் பேச்சு மாறியது. மாதாவுக்குச் செய்ததை மனுசன்கிட்ட திரும்பக் கேக்கலாமா என்றார் ஒருவர். நேர்ச்சை போகச்சொல்லி நாங்க என்ன கட்டாயப்படுத்தினோமா என்றாள் ஒருத்தி. முறை முடிந்தவர்கள், எங்களுது தீந்துட்டு, நாங்க எதுக்கு வாயத் தொறக்கணும் என்று நகர்ந்துகொண்டார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அவர்களுக்கு வந்தது, தெரிந்தது, போனது. போன பிறகு மறந்தும் போனது.

இதற்கிடையில் கஸ்பார் இருந்தான். பிரகாசிக்குப் பதினைந்து வயதாக இருக்கும்போது பிறந்து, பிறந்த எட்டாம் நாளே தாயை இழந்து, அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். அவனை வளர்த்ததில் அவள் கல்யாண வயது போனதே தெரியாமல் போய்விட்டது; தெரிந்தபோது அவள் வருத்தப்படவும் இல்லை. ஆபரேஷன் முடிந்து வந்த நாளிலிருந்து அவளைத் தூக்கி உட்காரவைப்பதும், வாக்கரைப் பிடித்து நிற்கவைப்பதும், வீங்கிய காலுக்கு ஐஸ் கட்டுவதும் அவன்தான். அவன் மனைவி ஜெசிந்தா சமைத்துத் தருவதோடு சரி. தினமும் ஷீபா போன பிறகு காலண்டரில் அன்றைய எண்ணை எழுதுவான். அறுபது வரைக்கும் பெரிய எழுத்தில் எழுதினான். எழுபதுக்கு மேல் எழுத்து சின்னதாகிக்கொண்டே போயிற்று.

ஏனென்றால் எண்பத்தொன்றிலிருந்து தொண்ணூறு வரை பத்து டிகிரியும் அவனுடையவை. பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு புயலில் அவன் போன வள்ளம் மூன்று நாள் திரும்பவில்லை. பிரகாசி ஒரு நாளைக்கு மூன்று தடவையாக மூன்று நாளும் கொடிமரத்திலிருந்து பீடத்துக்கு ஊர்ந்தாள். நாலாம் நாள் விடியலில் வள்ளம் தெரிகிறது என்று கடற்கரையில் சத்தம் கேட்டதும், தம்பியைப் பார்க்க ஓடாமல், நன்றிக்காகப் பத்தாவது தடவையும் ஊர்ந்துவிட்டுத்தான் எழுந்தாள். கருங்கல்லில் அந்தப் பத்து தடவையின் ரத்தம் மழை வரும் வரைக்கும் இருந்தது. ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் ஒன்று, கஸ்பாருக்கு மட்டும் பத்து.

பிரகாசி இதை யோசிக்காமல் இல்லை. யோசித்து யோசித்து, எண்பதிலிருந்து ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று போதும் என்று ஷீபாவிடம் சொல்லிவைத்தாள். ஆறு வாரம் முடிய அப்போது பத்து நாள் இருந்தது. "தம்பி ஒரே நாள்ல ரெண்டெல்லாம் தாங்கமாட்டான். சின்னதுல தேள் கொட்டினதுக்கே மூணு நாள் அழுதவன்" என்றாள். தொண்ணூறு வந்ததும் நிறுத்திக்கொள்வது என்றும் மனதுக்குள் முடிவுபண்ணியிருந்தாள். தொண்ணூறு போதும், அவள் படி ஏறிவிடுவாள். அதற்கு மேலே இருந்த இருபத்திரண்டு பேரையும் தொடாமல் விட்டுவிடலாம். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாராவது வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

எண்பதாவது டிகிரி திறந்த வியாழக்கிழமை, கஸ்பார் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினான். "இன்சூரன்ஸ் ஆபீசுக்கு அனுப்பணுமாம், ஒரு கையெழுத்துப் போடுக்கா." கண்ணாடி எங்கே என்று அவள் தேடினாள். "அது எதுக்கு, இந்தா, இங்கனதான்" என்று தாளின் மேல்பாதியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இடத்தைக் காட்டினான். அவள் சூ. பிரகாசி என்று எழுதிக் கொடுத்தாள். அவன் பேனாவை மூடாமலேயே சட்டைப்பையில் செருகிக்கொண்டதைப் பார்த்து, சாப்பிட்டியால என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை ஷீபா வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. "அந்தப் புள்ளைக்கு மஞ்சக்காமாலையாம்" என்றான் கஸ்பார். அப்படியானால் வேறு ஆளைக் கூப்பிடு என்றாள் பிரகாசி. பார்க்கிறேன் என்றான். ஞாயிறு போனது, திங்கள் போனது. கட்டிலில் உட்கார்ந்து அவளாக மடக்கிப் பார்த்தாள். முழங்காலுக்குள் யாரோ குறுக்கே படுத்துக்கொண்டது போல ஓர் இறுக்கம் இருந்தது, வலி இல்லை, ஆனால் வழியும் இல்லை. ஜெசிந்தா தேநீரைக் கொண்டுவந்து முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனாள். அக்கம்பக்கத்தார் வந்து, அக்கா எப்படி இருக்கிய என்று மிகப் பிரியமாக விசாரித்துவிட்டுப் போனார்கள். இத்தனை பிரியமாக ஊர் அவளை விசாரித்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை, இரண்டு தெரு தள்ளி வாதத்தில் படுத்திருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரைப் பார்க்க வந்த ஷீபா, ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டும் கையுமாக உள்ளே வந்தாள். மஞ்சள் காமாலையின் அடையாளம் ஒன்றுமில்லை. முகம்தான் கோபத்தில் சிவந்திருந்தது.

"அம்மா, பாதியில நிறுத்தினா கால் போயிடும்னு எத்தனை தடவை சொன்னேன்? வேண்டாம்னா என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே. இப்படி லெட்டர் எழுதி, ஊரே சாட்சிக் கையெழுத்துப் போட்டு அனுப்பணுமா?"

"என்ன லெட்டரும்மா?" என்றாள் பிரகாசி.

ஷீபா கோப்பைத் திறந்து தாளை எடுத்து நீட்டினாள். இந்தத் தடவை பிரகாசி கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். *எனக்கு வயதாகிவிட்டபடியால் என் சொந்த விருப்பத்தின்பேரில் பயிற்சியை எண்பது டிகிரியோடு நிறுத்திக்கொள்கிறேன், இதற்கு வேறு யாரும் பொறுப்பல்ல* என்று எழுதியிருந்தது. கீழே அவள் கையெழுத்து. அதற்குக் கீழே சாட்சிகள், இருபத்திரண்டு பேர், தொண்ணூற்றொன்று முதல் நூற்றுப்பன்னிரண்டு வரை ஒருவர் விடாமல். அவள் விரலை வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்தாள். இது குறைமாதத்தில் பிறந்த இரட்டைப் பிள்ளைகளுக்காகப் போனது. இது அமலோற்பவத்தின் மார்புக் கட்டிக்கு. இது விசா கிடைக்க. இது பரீட்சைக்கு. இது குடியை நிறுத்த. அவன் நிறுத்தவில்லை, அதற்காக இரண்டாம் தடவை போகச் சொல்லி அடுத்த பெயர்க்காரியான அவன் மனைவி வெட்கமில்லாமல் வந்து நின்றாள், பிரகாசியும் வெட்கமில்லாமல் போனாள். பெயர்களை வாசித்து முடித்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. ஊர் செய்ததை அவள் தாங்கிவிடுவாள். ஊர் என்றால் அப்படித்தான். ஆனால் கடிதத்தின் எழுத்து, சாய்ந்த சாய்ந்த எழுத்து, ஸ்லேட்டில் அவள் கைபிடித்து எழுதவைத்த எழுத்து.

"லே கஸ்பாரு" என்று கூப்பிட்டாள்.

அவன் வந்து நின்றான். ஷீபாவைப் பார்த்தான், தாளைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

"இது நீ எழுதினதா?"

"எல்லாரும் வீட்டுக்கு வந்துட்டாவக்கா. நான் என்ன செய்ய?"

"எல்லாரும் வந்தாவ. சரி. நீ யாருல?"

"எனக்குப் பத்துக்கா!" என்று வெடித்தான் கஸ்பார். நாற்பத்தாறு வயது ஆளின் குரல் சின்னப் பையன் குரலாக உடைந்தது. "ஊருல ஒருத்தனுக்கு ஒண்ணு. ஒண்ணுக்கே மாடு மாரி கத்துதானுவ. எனக்குப் பத்து. நான் போவச் சொன்னேனா? நான் கடலுல கெடந்தேன், எனக்குத் தெரியுமா? ஒருநாளைக்கு ஒண்ணுன்னு பத்து நாளு நான் எப்பிடித் தாங்குவேன்?" பிறகு குரலை இறக்கி, அவள் கைமேல் கை வைத்து, மிகவும் ஆசையாகச் சொன்னான்: "இப்போ உனக்கு என்ன கொறச்சல்? கஞ்சி நான் ஊத்துதேன். கட்டிலு இருக்கு, ஃபேன் இருக்கு. இனிம நீ எங்க நடந்து போவணும்?"

பிரகாசி அவன் கையை எடுத்து அப்பால் வைத்தாள். வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. திரும்பி, "உக்காரும்மா, மடக்கு" என்றாள் ஷீபாவிடம்.

ஷீபா அளந்தாள். ஐந்து நாளில் கால் எழுபத்துநாலுக்கு இறங்கியிருந்தது. ஆறு வாரம் முடிய இன்னும் ஐந்து நாள்தான். ஒரு நாளைக்கு இரண்டு டிகிரியாவது எடுத்தால்தான் உண்டு என்றாள். அவள் தொடையைப் பிடித்து, குதிகாலைத் தள்ளத் தொடங்கியதும், கஸ்பார் பின்கட்டு அறைக்கு ஓடினான். ஜெசிந்தா ஐஸ் கட்டிய துணியோடு அவன் பின்னால் ஓடினாள். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு அவன் நின்றான். எழுபத்தைந்து, எழுபத்தாறு என்று ஷீபா எண்ணுவது சுவருக்கு அந்தப்பக்கம் அவனுக்கும் கேட்டது. எண்பது வரை ஏற்கனவே திறந்த வழி. எண்பதில் ஷீபா ஒரு மூச்சு நின்றாள். "எண்பத்தொண்ணு" என்றாள்.

வலி வந்தது. அது வாசலுக்குப் போகவில்லை, பின்கட்டுக்கும் போகவில்லை. ஐந்தரை வாரமாக ஒரு எட்டுகூட அவள் பக்கம் வைக்காத வலி, நேராகப் பிரகாசியின் முழங்காலிலேயே வந்து இறங்கியது. தைத்த இடம் பிய்ந்து, உள்ளே இருந்த உலோகம் பழுத்து, தொடை வரைக்கும் நெருப்பு ஏறியது போல இருந்தது. அவளுக்குக் கண் இருட்டியது. தன் தொண்டையிலிருந்து இப்படி ஒரு சத்தம் வரும் என்று அவளுக்கே தெரியாது. ஷீபா பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டாள்.

அந்தச் சத்தத்துக்குள்ளேயே பிரகாசிக்கு விளங்கிவிட்டது. நூற்றிரண்டு தடவை அவள் பிறத்தியாருக்காகப் போனாள். இந்தப் பத்து தடவை அவள் கஸ்பாருக்காகப் போகவே இல்லை. அவன் இல்லாமல் தன்னால் இருக்க முடியாது, அவன் செத்தால் தானும் செத்துவிடுவோம் என்று, தனக்காக, தன் உயிருக்காகப் போனாள். மாதாவுக்கு அது தெரிந்திருந்தது, முழங்காலுக்கும் தெரிந்திருந்தது, அவளுக்குத்தான் தெரியாமல் போயிற்று. அந்தப் பத்தில் ஒன்றுகூட அவன் மேல் விழுவதாக என்றைக்குமே இருந்ததில்லை. விழாத வலிக்குப் பயந்து அவன் அவள் காலை விற்றுவிட்டான்.

பின்கட்டில் துண்டை வாயிலிருந்து எடுக்கும் சத்தம், காலை உதறும் சத்தம், ஒரு சிரிப்பு. கஸ்பார் இரண்டு காலும் தரையில் படாமல் வந்தான். "யக்கா! எனக்கு ஒண்ணுமே வலிக்கல! பாரு, பாரு!" என்று வலது காலைத் தூக்கித் தூக்கி மடக்கிக் காட்டினான். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வழிந்தது, சந்தோஷக் கண்ணீர். "மாதா கண்ணத் தொறந்துட்டாவக்கா. நான் தப்பிச்சேன்!" வியர்த்துப்போய், உதட்டைக் கடித்ததில் ரத்தம் கசிய, கட்டிலில் சாய்ந்து கிடந்தவளை அவன் பார்த்தான்தான்; ஆனால் அவன் பார்த்தது அவளை அல்ல, தன் முழங்காலைத்தான்.

அவள் அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதுவரை அவனிடம் மறைத்தது என்று அவளிடம் ஒன்றுமே இருந்ததில்லை. இந்த ஒன்று இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டாள்.

"நிறுத்திடவாம்மா?" என்றாள் ஷீபா. அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "நாளைக்குப் பாக்கலாம்."

"இன்னும் ஒம்போது இருக்கும்மா. எனக்கு வீட்டுக்குப் போவணும்" என்றாள் பிரகாசி. "மடக்கு. நான் கத்துவேன், நீ காதுல வாங்காத."

ஷீபா மறுபடியும் குதிகாலைப் பிடித்தாள். எண்பத்திரண்டாவது டிகிரி திறந்தபோது எழுந்த அலறல் கூரையைத் தாண்டித் தெருவில் விழுந்தது. தெருக்குழாயில் நின்ற பெண்கள் குடத்தை விட்டுவிட்டு நின்றார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் ஊசியை நிறுத்தினார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருபத்திரண்டு பேரும் அவரவர் இருந்த இடத்தில் குனிந்து அவரவர் முழங்காலைத் தடவிப் பார்த்தார்கள். அதற்குள் வீட்டிலிருந்து ஓடிவந்து தெருமுனையில் எல்லோருக்கும் நடுவில் நின்றிருந்த கஸ்பார் இரண்டு கையையும் உயர்த்தி அவர்களை அமர்த்தினான்.

"பயப்படாதிய, பயப்படாதிய. நமக்கெல்லாம் ஒண்ணுமில்ல. அது அக்காவுக்குத்தான் வலிக்கி."

அப்படியா என்று கேட்டுவிட்டு, எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.